தூக்கும் அடி

மறுபடியும் நின்றுவிட்டது, சனியன். நாற்பது எண்ணி முடிப்பதற்குள் மூச்சை விட்டுவிடுகிறது இந்தக் காற்றுப் பெட்டி. அமாவாசை பறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது முழங்கையால் அதன் பொத்தானை ஓங்கி இடித்தார். ஒரு கனைப்பு, பிறகு உஸ்ஸென்று சுடுகாற்று. பறையின் தோலை அதற்கு நேராகக் காட்டினார். கை கழுவியவர்கள் ஈரத்தை உலர்த்திக்கொள்வதற்காகக் கக்கூசுச் சுவரில் அடித்து வைத்திருக்கும் பெட்டி. எத்தனை பேர் ஒன்றுக்கிருந்த கையை இதற்குக் கீழே நீட்டியிருப்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் காகிதத்தால் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிற ஜனம். வந்த முதல் நாள் அந்தக் காகிதச் சுருளைப் பார்த்ததும் இது எதற்கு என்று கேட்டார், சொன்னார்கள், அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சோறு என்று ஒன்று கொடுத்தால்தானே இறங்குவதற்கு. ஊறுகாய் போட்ட பச்சை மீன், கறுத்துப்போன ரொட்டி, அதன் மேல் ஏதோ புளித்த பால். அந்த மீன் வாடை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. தரை முழுக்க ஈரம். யாரோ எதிலோ மிதித்த காலோடு நடந்து நடந்து, வெள்ளை ஓடு சாம்பலாகிவிட்டது. வேட்டியின் கரை அந்த ஈரத்தில் படாமல் இருக்க அதைத் தூக்கிச் செருகியிருந்தார். உள்ளே மச்சினன் மாசிலாமணி வாங்கிக் கொடுத்த கம்பளிக் கால்சட்டை, இறுக்கமாக, தவளைத் தோல் மாதிரி. முப்பத்தெட்டு. உஸ்ஸென்று நின்றது. கட்டை விரலால் தோலை அழுத்திப் பார்த்தார். ஊறின அப்பளம் போல உள்ளே போனது. இன்னும் இல்லை.

ஊரில் என்றால் ஒரு பிடி வைக்கோல் போதும். கொளுத்திவிட்டு அதன் மேல் பறையை நாலு சுற்றுச் சுற்றினால் தோல் முறுக்கேறி, விரல் பட்டாலே பேசும். இங்கே மழையும் குளிரும் தவிர வேறு எதுவும் இல்லை. லாத்வியாவாம். பத்தொன்பது நாட்டுக்காரர்கள் அவரவர் நாட்டுப்புற வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசிக்கும் விழாவாம். நேற்று ஒத்திகையில் மேடையேறி முதல் அடி அடித்தார். ஈரப் பாயைத் தடியால் அடித்தது போல் பொத்தென்றது. மேளத்துக்கே பிறந்த கை அவருடையது, அதிலிருந்து அந்தச் சத்தம். எதிரே ஒலிபெருக்கிக்காரன் காதைச் சொறிந்தான். இன்று காலை எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் செய்தித்தாளைக் குவித்துத் தீக்குச்சி கிழித்தார். சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் எங்கிருந்தோ ஓடிவந்து ஒரு குழாயைத் திருப்பினான், எச்சில் நுரை மாதிரி வெள்ளையாக ஒன்று குபுகுபுவென்று வந்து தீ மேலும் காகிதத்தின் மேலும் பறையின் மேலும் விழுந்தது. மாசிலாமணி குழுவில் பறையடிக்கும் அருள்மேரிதான் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். மாசிலாமணி தூர நின்று அவளிடம் சொன்னான், இவர் காதில் விழ வேண்டும் என்று இங்கிலீசைக் கலக்காமல் சொன்னான். "மாமாகிட்டச் சொல்லு. பதினொரு மணிக்கு நம்ம முறை. அதுக்குள்ள அந்தத் தோல் பேசணும். இல்லன்னா என்கிட்ட உபரியா ஒரு பைபர் பறை இருக்கு, அதை மாட்டிக்கிட்டு ஏறட்டும். நம்மளால நம்ம ஊருக்கு அசிங்கம் வரக்கூடாது." பைபர். பிளாஸ்டிக்குத் தாளை இழுத்துக் கட்டி, திருகாணியால் முடுக்கி, அதற்குப் பறை என்று பெயர். மாசிலாமணியின் குழுவில் ஒன்பது பேர், ஒன்பதும் பிளாஸ்டிக்கு. மழையில் நனையாது, தீ வேண்டாம், வாடை இல்லை. பக்கெட்டில் கையால் அறைந்தால் என்ன வருமோ அதுதான் வரும். விழாக்காரர்கள் எழுதிய கடிதத்தில் தோல் கட்டிய பழைய பறை ஒன்றாவது வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம். அதனால்தான் பத்தொன்பது வருசமாகப் பேச்சில்லாத அக்கா புருசனுக்கு ஆள் அனுப்பினான். ஆளையா கூப்பிட்டான், தோலைக் கூப்பிட்டான். பொத்தானை இடித்தார். ஒன்று, இரண்டு.

வந்ததற்கு மகள் பவுனு காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவள்தான் நச்சரித்தாள், "போயிட்டு வாப்பா, பிளேனு ஏறுப்பா, செத்தா திரும்ப ஏற முடியுமா?" என்று. அதற்காக வரவில்லை. ஒரே ஒரு அடியை அடிப்பதற்காக வந்தார். பன்னிரண்டு நிமிசம் மேடை. அதில் சாமி அடி, கல்யாண அடி, சண்டை அடி என்று மாசிலாமணி வரிசை போட்டு வைத்திருக்கிறான். சாவு அடி கிடையாது. "நாம கலைஞர்கள், மாமாகிட்டச் சொல்லு, சாவு வேலையெல்லாம் விட்டு வருசம் பத்தொன்பது ஆச்சு." வரிசை அவனுடையது, கை என்னுடையது. மேடையின் நடுவில், விளக்கு மூஞ்சியில் விழும்போது, இவர் பாடை தூக்கும் அடியை எடுப்பார். அவன் பக்கத்தில் நிற்பான். அத்தனை வெள்ளைக்காரன் முன்னாலும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ஓட முடியாது, தடுக்க முடியாது. அப்போது அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். அந்த மூஞ்சிக்காகத்தான் இந்த மீனைத் தின்று, இந்தத் தவளைத் தோலுக்குள் காலை நுழைத்து, இந்தக் கக்கூசில் நிற்பது. தோல் பேசாவிட்டால் அத்தனையும் பாழ். பிளாஸ்டிக்கில் பெண்டாட்டி வேம்புவுக்கு அடிக்க முடியுமா. முப்பது. முப்பத்தொன்று. தோலிலிருந்து வாடை கிளம்பியது. கிளம்பட்டும். மாட்டுத் தோல் வாடைதானே. அதோடு கூட மல்லிகை. விமானத்தில் ஏறுவதற்கு முன்னால், இவர் கண் மறைந்த நேரம் பார்த்து, மாசிலாமணி பறை மேல் செண்டு அடித்துவிட்டான். கார்களுக்குள் தொங்கவிடுகிற, கல்யாண மண்டபத்தில் பீய்ச்சுகிற அந்தச் செண்டு. தோல் அதைக் குடித்துவிட்டது. சூடு படும்போதெல்லாம் மல்லிகையும் மாடும் கலந்து, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரு நாற்றம். யாருக்கு நாறுகிறது என்று அடித்தான்? அவன் அப்பன் கட்டிய தோல்தானே அவனை வளர்த்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் வந்தான். தாடி, பூப்போட்ட சட்டை, கக்கத்தில் ஒரு முழு ஆடு. செத்த ஆட்டின் தோலை அப்படியே முடியோடு உரித்து, கழுத்திலும் காலிலும் குழலைச் செருகி, ஊதி அடிக்கிற வாத்தியம். நேற்று பார்த்தார். ஆட்டின் முன்னங்காலை வாயில் வைத்துக் கன்னம் வெடிக்க ஊதினான், ஆடு உப்பியது, ஒரு பக்கத்திலிருந்து அலறியது. உயிரோடு இருந்தபோதும் அந்த ஆடு அப்படித்தான் கத்தியிருக்கும். அதற்கு ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அவனுடைய ஆட்டுக்கு ஒருத்தன் செண்டு அடிக்கவில்லை. இப்போது அந்த ஆட்டைக் கை கழுவும் தொட்டி மேல் மல்லாக்கப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்று, நின்றபடியே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, குதிரை மாதிரி விட்டான். தெறிப்பது கேட்டது. இவர் பறையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். முடித்துவிட்டுக் கழுவாமலே ஆட்டை எடுத்துக்கொண்டு, இவரைப் பார்த்துச் சிரித்து, பறையைக் காட்டிக் கட்டை விரலைத் தூக்கினான். கட்டை விரல். இவர் தன் கட்டை விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். அவன் போன பிறகும் மடக்கியே வைத்திருந்தார். அந்த விரலைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். மூக்கைப் பற்றி நினைக்கலாம். மிராசுதார் சாவில் மூக்கைப் பொத்தினார்களே, அதைப் பற்றி. விடியலில் கூப்பிட்டுச் சாயங்காலம் நாலு மணி வரை அடிக்கவிட்டார்கள். காற்று வீட்டுப் பக்கம் அடிக்கிறது, தோல் வாடை உள்ளே வருகிறது, எருக்குழிக்கு அந்தப் பக்கம் போய் நின்று அடி என்று ஒரு பையன் வந்து சொன்னான், மீசை முளைக்காத பையன், வாடா போடா என்று. உள்ளே பிணம் ரெண்டு நாளாகக் கிடக்கிறது, அது நாறவில்லை. எருக்குழி ஓரத்திலேயே இலை போட்டார்கள். சாம்பாரில் ஈ மிதந்தது. அந்த இலையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தவன் மாசிலாமணி. அன்றைக்கு அவனைப் பார்த்து இவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். சிலிர்த்தது.

பொத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பின்புறம் கூடினார்கள். இனி எந்தச் சாவுக்கும் நம் தெருவிலிருந்து பறை போகாது. எவன் வீட்டுச் சாவாக இருந்தாலும். மாசிலாமணி ஒரு நோட்டில் எழுதி வாசித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மற்றவர்களுக்கு நீல மைப் பெட்டி வைத்திருந்தான். ஒன்பது, பத்து. அந்த ஈர மை, பிசுபிசுவென்று, விரலில் நாள் கணக்கில் போகவில்லை. வேம்பு சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டாள், "இத்தன நாளு மாட்டுத்தோலு, இப்ப மையா, உன் கையில ஏதாவது ஒரு நாத்தம் இல்லாம இருக்காதா?" என்று சிரித்தாள். அவளுக்கு அந்த வாடை ஒருநாளும் நாறியதில்லை. புதிதாகக் கல்யாணமான காலத்தில் கேட்டார், குமட்டலையா உனக்கு என்று. "உன் மேல இந்த வாட இல்லன்னா எவனோ வந்து படுத்திருக்கான்னுல்ல எந்திரிச்சு ஓடிருவேன்" என்றாள். புளியங்கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சிக் கொடுப்பவள் அவள்தான். இந்தப் பறையின் சட்டத்தில் முதன்முதலில் தோல் ஒட்டிய பசை அவள் காய்ச்சியது. தோலை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, ஆனால் சட்டத்தின் உள்விளிம்பில் பழைய பசை கொஞ்சம் சுரண்டாமல் விட்டு வைத்திருக்கிறார். கறுப்பாக, கெட்டியாக, மூக்குப்பொடி அளவு. இதை யாரிடமும் சொன்னதில்லை. இருபத்திரண்டா, முப்பத்திரண்டா, எண்ணிக்கை விட்டுப் போயிற்று. மஞ்சள் காமாலை. மை வைத்து எட்டாம் நாள் செத்தாள். தெருவின் முதல் சாவு, தீர்மானத்துக்குப் பிறகு. எல்லோர் கண்ணும் மாசிலாமணி மேல் போனது. செத்தவள் அவனுடைய கூடப் பிறந்த அக்கா, தூக்கி வளர்த்தவள். அவன் முற்றத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எங்க அக்காவுக்கே இல்லன்னாத்தான் ஊரு நம்பும்" என்றான். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் சொன்னான். பறையெல்லாம் ஆணியில் தொங்கின. நோட்டை வாசித்தவன் பறையை வாசிக்கவில்லை. அழுகைச் சத்தத்தை மூடுவதற்கு ஒன்றும் இல்லாமல், இருமுவது, சளி உறிஞ்சுவது, கயிறு கட்டுகிறவன் துப்புவது, எல்லாம் கேட்டது. அதுதான் அருவருப்பு. சாவு அருவருப்பில்லை. அந்தச் சத்தங்கள்.

பாடையைத் தூக்குவதற்கு என்று ஒரு அடி உண்டு. அதை ஒற்றை ஆள் அடிக்க முடியாது. ஒருவன் பறையால் கேட்பான், தூக்கலாமா என்று. எதிரே நிற்பவன் தன் பறையால் பதில் சொல்வான், தூக்கு என்று. அந்தப் பதில் விழுந்தால்தான் நாலு பேர் குனிவார்கள். மூன்று முறை கேட்டும் பதில் வரவில்லை என்றால் பாடை தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. கேட்காமலே வேம்புவைத் தூக்கினார்கள். பதில் இல்லாமலே. அதனால் கிளம்பவில்லை அவள். சுடுகாட்டில் என்னத்தையோ வைத்துக் கொளுத்தினார்கள், அது வேறு. அவள் இன்னும் முற்றத்திலேயே படுத்திருக்கிறாள், பத்தொன்பது வருசமாக, கால் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியபடி. இவர் தினமும் அவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகிறார். அப்படியென்றால் நீ அடித்திருக்கலாமே என்று ஒருத்தன் கேட்டால்? யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஆயிரம் இருக்கிறது. பெண்டாட்டி செத்தால் புருசன் பறையைத் தொடக் கூடாது, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியவன். சரி, வேறு யாரிடமாவது அடி என்று சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. மாசிலாமணி தலையில் ஒரு அடி போட்டு, எடுடா பறையை, அவ உன் அக்காடா என்று. சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. அப்போது விரலில் மை இருந்தது. நீலமாக. சீயக்காய்க்குப் போகாத கொஞ்சம், நகத்தின் ஓரத்தில். அதைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். மூடின வாய்தான். பொத்தான். பொத்தானை இடி, கிழவா. ஒன்று. இரண்டு.

"பெரியப்பா!" கதவுக்கு வெளியே அருள்மேரியின் குரல். உள்ளே வர முடியாதவள், தலையை மட்டும் நுழைத்துவிட்டு, ஐயையோ என்று இழுத்துக்கொண்டாள். "பெரியப்பா, இன்னும் பத்து நிமிசந்தான். மாசிலாமணி மாமா மூஞ்சியே சரியில்ல. ஆச்சா இல்லையான்னு கேக்கச் சொன்னாரு." "அவனுக்கு வாயில்லையாமா?" "வாய் இருக்கு. உங்க காதுதான் அவருக்கு இல்லயே." சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினாள். பொம்பளை பறையடிப்பதே இவருக்குப் பிடிக்காது, ஆனால் அவள் அடித்தால் பிளாஸ்டிக்கில்கூட ஒரு ஒழுங்கு இருக்கும், அதுவும் பிடிக்காது. இவர் கட்டை விரலால் தோலை அழுத்தினார். இப்போது கொஞ்சம் எதிர்த்தது. பெட்டியிலிருந்து தூசி வேறு பறந்து வருகிறது, யாருடைய தோலோ, யாருடைய மயிரோ. ஓரமாக ஒரு வெடிப்புக் கோடு இருந்தது, அதை விரலால் தடவினார். ரொம்பச் சூடு ஏற்றினால் கிழிந்துவிடும். கிழிந்தால் இந்த நாட்டில் மாட்டுத்தோலுக்கு எங்கே போவது, புளியங்கொட்டைக்கு எங்கே போவது. கிழிந்தால் பிளாஸ்டிக்கு. ஏற்றாவிட்டாலும் பிளாஸ்டிக்கு. கழுத்தில் வேர்வை ஓடியது, கால் குளிர்ந்தது. உடம்பே இரண்டு துண்டாகி, மேலே சித்திரை, கீழே மார்கழி.

அப்போது இன்னொருவன் வந்தான். உஸ்பெக்கு ஆள் என்று நேற்று சொன்னார்கள். பீப்பாய் வயிறு, பட்டு அங்கி, வாய் நிறையத் தங்கப் பல். கையில் வட்டமாகச் சல்லடை போல ஒன்று, ஒரு பக்கம் தோல், உள்விளிம்பு முழுக்க இரும்பு வளையங்கள். அவன் ஒன்றுக்குப் போகவில்லை. நேராக வந்து இவரைப் பார்த்தான், பறையைப் பார்த்தான், காற்றுப் பெட்டியைப் பார்த்தான். முகம் விரிந்தது. பக்கத்தில் இருந்த இரண்டாவது பெட்டியின் பொத்தானைக் குத்திவிட்டுத் தன் சல்லடையை அதற்குக் கீழே காட்டினான். என்னவோ சொன்னான், மழையைக் காட்டி, மேலே கூரையைக் காட்டி, காறித் துப்புவது போல நடித்தான். இந்த ஊர் ஈரத்தைத்தான் திட்டுகிறான். அவனும் கட்டை விரலால் தோலை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இவருக்கு அவனைப் பிடித்துவிடும் போல இருந்தது, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவனிடமிருந்து வெங்காயமும் ஆட்டுக் கொழுப்பும் வீசின. மீசையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டியும் சேர்ந்து இரைந்தன. இவருடையது நின்றபோது, இவர் முழங்கையை எடுப்பதற்குள், அவன் தன் கொழுத்த விரலை நீட்டி இவருடைய பொத்தானை அமுக்கினான். கேட்காமலே. அவனுடையது நின்றபோது, சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி, முழங்கையால் அவனுடையதை இடித்தார். "ஹா!" என்றான், தங்கமெல்லாம் தெரிய. நாலு தடவை இப்படி ஆயிற்று. ஐந்தாவது தடவை அவன் நாலு விரலால் தன் சல்லடையைத் தட்டினான். பளீரென்று ஒரு சத்தம், ஓட்டுச் சுவரெல்லாம் ஓடித் திரும்பி வந்தது. இவரைப் பார்த்துத் தாடையை ஆட்டினான், உன்னுடையது எங்கே என்று.

பறையைத் தோளில் மாட்டினார். இடது கையில் மெல்லிய சிம்புக் குச்சி, வலது கையில் தடித்த அடிக்குச்சி. தொட்டார். தொடத்தான் செய்தார். கணீரென்று விழுந்தது, எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. மல்லிகை, மாடு, மூத்திரம், மீன் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு ஒரு சுத்தமான சத்தம். ஏறிவிட்டது தோல். உஸ்பெக்குக்காரன் தொடையில் அறைந்துகொண்டான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மாசிலாமணி. பட்டு வேட்டி, சலங்கை, இடுப்போரம் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கு. அறுபது வயதாகிறது, மீசைக்கு மை போடுகிறான். "மாமா, கூப்பிட்டுட்டாங்க" என்றான். நேருக்கு நேர் வந்துவிட்டால் அவன் பேசத்தான் செய்வான். பதில் வராது என்று தெரிந்து, சுவரிடம் பேசுவது போலப் பேசுவான். "வாசப் பக்கமா சுத்திப் போகணும், உள்வழிய அடைச்சுட்டானுங்க. மேடைக்குப் பின்னால கொஞ்ச நேரம் நிக்க வேண்டியிருக்கும்." வாசப் பக்கமா. மழையில். நேற்றும் அந்த வழிதான். நேற்றும் அறைச் சுவரில் குளிருக்காக ஓடும் வெந்நீர்க் குழாயில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் கிளம்பினார், வாசலைத் தாண்டி மேடைக்குப் போவதற்குள் செத்துவிட்டது. இதுவும் சாகும். இந்தச் சூட்டுக்கு இரண்டு நிமிச ஆயுசு, மூன்று என்றால் அதிகம். மேடை இல்லை. விளக்கு இல்லை. வெள்ளைக்காரன் கைதட்டல் இல்லை. இந்த வெள்ளை ஓடும், இந்தத் தொட்டியும், இவனும்தான். எதிரே கண்ணாடியில் மாசிலாமணியின் முகம் தெரிந்தது. இவருடைய முகமும் பக்கத்திலேயே தெரிந்தது, சுருங்கி, கறுத்து, யாரோ துப்பிவிட்டுப் போன மாதிரி. கை தானாக எழுந்தது. கேட்கும் அடியை அடித்தார்.

தூக்கலாமா.

மாசிலாமணிக்கு ஒரு அடியிலேயே தெரிந்துவிட்டது. தெரியாமல் போகுமா, அவன் அப்பன் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த அடி. முகம் வெளிறியது. "மாமா. இங்க வேணாம் மாமா." சுவரெல்லாம் அடி சுற்றிக்கொண்டிருந்தது. கழிப்பறைத் தடுப்பு ஒன்றிலிருந்து யாரோ சட்டென்று தண்ணீரை இழுத்துவிட்டார்கள். "கக்கூசு மாமா இது." இவர் இரண்டாவது முறை கேட்டார். தூக்கலாமா. உஸ்பெக்குக்காரன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் ஊரிலும் இப்படி ஒன்று இருக்குமோ என்னவோ, சல்லடையை மெதுவாகக் கீழே இறக்கி, வளையங்கள் குலுங்காமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். "தீர்மானம் போட்டோம்ல மாமா. நீங்களும்தான…" என்று மாசிலாமணி ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். நீங்களும்தான். அந்தச் சொல் பத்தொன்பது வருசமாக அவன் வாயில் இருந்திருக்கிறது, ஒருநாளும் துப்பவில்லை, விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறான். இவர் திரும்பினார். கண்ணாடியில் அல்ல, நேராக அவனைப் பார்த்தார். "வச்சேன்டா" என்றார். குரல் யாருடையதோ போல வந்தது. "நானுந்தான் வச்சேன், இந்த வெரலால. அதுக்கு அவ என்னடா பண்ணுவா? முத்தத்துல கெடக்குறாடா. பதில் சொல்லுடா." தோல் இறங்குவது தெரிந்தது. குச்சியின் நுனியில் தெரிந்தது, பல்லில் வலி தெரிகிற மாதிரி. மூன்றாவது முறை கேட்டார். இதற்குப் பிறகு இல்லை. தூக்கலாமா.

ஒன்றும் இல்லை. குழாய் சொட்டியது. காற்றுப் பெட்டி நின்றுபோயிருந்தது. யாரோ தடுப்புக்குள் சளியை உறிஞ்சினார்கள். அதே சத்தங்கள். அப்போது பிளாஸ்டிக்கு பேசியது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அடி சரியாகத்தான் விழுந்தது, கணக்குப் பிசகவில்லை, ஆனால் என்ன ஒரு சத்தம் அது. காலிப் பக்கெட்டை யாரோ செருப்பால் அடித்த மாதிரி, டக்கு டக்கென்று, ஈரமே இல்லாமல், உயிரே இல்லாமல். தூக்கு. தூக்கு. தூக்கு. பத்தொன்பது வருசம் படுத்திருந்தவளுக்கு இதுதானா கிடைக்க வேண்டும். மாட்டுத்தோல் வாடை பிடித்துப் படுத்தவளுக்குப் பக்கெட்டுச் சத்தம். நாறுகிற ஊரில், நாறுகிற இடத்தில். காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. ஆனால் இடது கால் முன்னால் போயிருந்தது. இவர் எடுத்து வைக்கவில்லை. பதில் விழுந்ததும் பாடைக்கு முன்னால் ஒரு எட்டு எடுத்து வைக்கிற கால், பன்னிரண்டு வயதிலிருந்து பழகின கால், அதுவாகப் போயிருந்தது. ஈர ஓட்டில் வேட்டிக் கரை விழுந்து நனைந்தது. வலது கால் போனது. கதவு வரைக்கும் நாலு எட்டு. மாசிலாமணி பின்னாலேயே அடித்துக்கொண்டு வந்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்கா அக்கா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு. உஸ்பெக்குக்காரன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றினான்.

கதவுக்கு வெளியே குளிர்காற்று முகத்தில் அறைந்தது. "என்ன இது, ரெண்டு பேரும் உள்ளயே கச்சேரியா?" என்று கேட்ட அருள்மேரி, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். இவர் கட்டை விரலால் தோலை அழுத்தினார். ஊறின அப்பளம். போயிற்று. இனி நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குக் கீழே நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒன்றுதான். தோளிலிருந்து பறையைக் கழற்றினார். மாசிலாமணியின் பக்கம் பார்க்காமல் இடது கையால் அதை அவனுக்கு நீட்டினார், வலது கையை அவன் இடுப்பிலிருந்த பிளாஸ்டிக்குக்காக நீட்டினார்.

"மாமா, உபரிப் பறை ஒண்ணு இருக்கு, அத எடுத்தாரச் சொல்றேன்…"

"இதக் குடுறா. பதில் சொன்னது இதுதான." பிறகு, ஞாபகம் வந்தது போல, "தோலு கேட்டானுங்கல்ல. நீ மாட்டிக்க. வேணும்னா கொஞ்சம் செண்டு அடிச்சுக்க" என்றார்.

அருள்மேரி சிரித்துவிட்டாள். மாசிலாமணி சிரிக்கவில்லை. தோல் பறையை இரண்டு கையாலும் வாங்கி, சட்டத்தின் உள்பக்கம் மூஞ்சியை வைத்து ஒருமுறை முகர்ந்தான். பழைய பசை இருக்கும் இடம். இவர் பார்க்காதது போல இருந்தார். பிளாஸ்டிக்கின் வார் கழுத்தில் வழவழவென்று, யாருடைய வேர்வையோ ஒட்டி, பாம்பு போட்டது போல இருந்தது. குமட்டியது. சரியாக மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்.